ஏழாம் எண் கிணறு

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் பேசியபோது விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



“தண்ணீர் ஆராய்ச்சி பற்றி ஏதாவது பேசு, நீ அந்த வேலையில்தானே இருக்கே” என்று செயலாளர் போனில் சொன்னார். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. குடிநீர்க் குழாய் போடும் திட்டங்களில் வேலை பார்க்கிற சாதாரண சிவில் இஞ்சினியர். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இந்தக் கல்லூரியில் ஒரே ஒரு முறை நானும் தண்ணீர் ஆராய்ச்சி செய்திருக்கிறேன். அதில் ஒரு தவறும் செய்திருக்கிறேன். அதை இங்கே சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

எனக்குச் சொந்த ஊர் திருக்கோகர்ணம். மியூசியத்துக்குப் போனவர்களுக்கும், பிரகதாம்பாள் கோயிலுக்குப் போனவர்களுக்கும் ஊர் தெரியும். ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கோ என்றால் பசு, கர்ணம் என்றால் காது. சாபம் பெற்ற காமதேனு, தன் காதில் கங்கை நீரைச் சுமந்து வந்து இங்கே இறைவனுக்கு அபிஷேகம் செய்தது என்பது தலபுராணம். சின்ன வயதில் பாட்டி இதைச் சொன்னபோது, “காதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?” என்று கேட்டேன். “எவ்வளவு பிடிச்சா என்ன, கொண்டுவந்து சேர்த்துச்சா இல்லையா, அதுதானே கணக்கு” என்றார்கள். அன்று சிரித்தேன். இன்று அந்தப் பதில் என்னைச் சுடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட்

நாங்கள் நான்கு பேர் ஒரு குழு. இறுதி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று ஒரு மாதம் டீக்கடையில் ஆராய்ந்தோம். கடைசியில், செலவு குறைவு, ஊர் பக்கம், அலைச்சல் கம்மி என்ற மூன்று உயர்ந்த காரணங்களுக்காக, “திருக்கோகர்ணம் பகுதிக் கிணற்று நீரின் தரம்” என்று எடுத்தோம். இருபத்து நான்கு கிணறுகள், அடிபம்புகள். W-1 முதல் W-24 வரை எண் கொடுத்தோம்.

மூன்று சைக்கிள், நான்கு பேர், ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் பாட்டில். எங்கள் பேராசிரியர் கண்டிப்பானவர். பம்பை அடித்துச் சில நிமிடம் தண்ணீரை வெளியே விட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும். அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். எண், தேதி, நேரம் மூன்றையும் அங்கேயே எழுத வேண்டும். “வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்னு வந்தீங்க, திரும்ப அனுப்பிடுவேன்” என்பார். இன்றைக்கும் என் வேலையில் அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றுகிறது. சாருக்கு இந்த மேடையிலிருந்து என் நன்றி.

ஏழாவது கிணறு ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தது. கல் கட்டிய பழைய கிணறு. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, அதைத் தாண்டிக் கழிப்பறை. அந்த வீட்டுப் பாட்டி நாங்கள் நான்கு பேரும் வெயிலில் வந்ததைப் பார்த்து, கேட்காமலேயே ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தார்கள். நாங்கள் கிளம்பும்போது, “தம்பிகளா, பார்த்துட்டு நல்ல தண்ணியா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கப்பா” என்றார்கள். “கட்டாயம் சொல்றோம் பாட்டி” என்றோம். நான்தான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு லேப். பழைய மாணவர்களுக்கு அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கும். கடினத்தன்மை பார்க்க ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன், ஒயின் சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டுக்காகப் ப்யூரெட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்போம். குளோரைடுக்குச் சில்வர் நைட்ரேட். மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் வரும். நைட்ரேட்டுக்குப் பினால் டைசல்ஃபோனிக் அமிலம். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ நைட்ரேட் அவ்வளவு. W-7 பாட்டில் மற்ற எல்லாவற்றையும் விட நல்ல மஞ்சள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500. வேறு வழியில்லை என்றால் கொஞ்சம் கூடலாம் என்ற சலுகை சில பொருட்களுக்கு உண்டு, நைட்ரேட்டுக்குக் கிடையாது. W-7 அந்த அளவை நன்றாகவே தாண்டி இருந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? அட்டவணையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டோம். கீழே “அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகம்” என்று ஒரு வரி. வைவாவில் அந்த நட்சத்திரத்தைப் பற்றி வெளித் தேர்வாளர் கேட்டார். நன்றாகப் பதில் சொன்னேன். நல்ல மார்க். கறுப்பு அட்டை, தங்க எழுத்து பைண்டிங். ஒரு பிரதி துறைக்கு, ஒரு பிரதி நூலகத்துக்கு, ஆளுக்கு ஒன்று வீட்டுக்கு.

பாட்டிக்கு மட்டும் ஒரு வார்த்தை போகவில்லை.

கொதிக்க வைத்த தண்ணீர்

பல வருடம் கழித்து ஒரு வீட்டு வேலை விஷயமாக அதே தெருவுக்குப் போனேன். பாட்டி இல்லை, காலமாகிவிட்டார்கள். அவர்கள் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். “நீங்கதானே தம்பி, பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டுப் போனீங்க?” பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள்: “அந்த வருஷம்தான் எங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா. பால் பத்தலைன்னு புட்டிப் பால்தான். ஆனா நாங்க பச்சைத் தண்ணி குடுக்கலை தம்பி. நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தான் மாவு கரைச்சோம்.”

சிவில் படித்தவர்களுக்கும் கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கும் என் வயிறு ஏன் கலங்கியது என்று புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; அது உண்மை. ஆனால் நைட்ரேட் கிருமி இல்லை, கரைந்திருக்கும் உப்பு. கொதிக்கும்போது நீராவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். நைட்ரேட் முழுவதும் பாத்திரத்திலேயே தங்கும். அதாவது, கொதிக்கக் கொதிக்க அதன் அளவு கூடும். அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசியிலும் தெரியாது. பெரியவர்களுக்கு அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப் பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. உடம்புக்குள் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூக்கும். வைத்தியப் புத்தகங்களில் இதை நீலக் குழந்தை நோய் என்பார்கள்.

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் எதிரிலேயே சைக்கிளை நிறுத்தியது. ஆனால் அது எங்கள் புத்திசாலித்தனத்தால் அல்ல. அந்தக் குடும்பம் தெரிந்த வரைக்கும் சரியாகத்தான் செய்தது. கொதிக்க வைப்பது போதாது என்ற ஒரு விஷயம் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் நால்வர். எங்கள் அறிவு நூலக அலமாரியில் தங்க எழுத்தோடு நின்றுகொண்டிருந்தது.

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தண்ணீரைச் சோதித்தால், முடிவு முதலில் போக வேண்டிய இடம் அந்தத் தண்ணீரைக் குடிக்கிற வீடு. ஆராய்ச்சி நூலும், மார்க்கும், பட்டமும் அதற்கு அப்புறம்தான்.

எண்கள் வெளியே வந்தபோது

“ஒரு காலேஜ் டெஸ்ட் ரிசல்ட்டால் என்ன ஆகிவிடும்?” என்று மாணவர்கள் கேட்கலாம். என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வரிசையாக இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று ஒரு கணக்கு உண்டு. உப்பும் குரோமியமும் கலந்த கழிவு பல ஆண்டுகள் ஆற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது. ஊர்க்காரர்கள் கிணறு கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொன்னால் யார் கேட்கிறார்கள்? “தண்ணி உப்புக் கரிக்குதுங்க” என்பது மனுவில் ஒரு வரி, அவ்வளவுதான்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற மதிப்பீடு. இதைச் சொன்னது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். இன்னொன்று, திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகப் போய் எடுத்த கணக்கு: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. முதல் எண் பல்கலைக்கழகத்தினுடையது. இரண்டாவது, நம்மைப் போன்றவர்கள் நடந்து எடுக்கக் கூடியது. இரண்டையும் நீதிபதிகள் ஒரே தீர்ப்பில் எடுத்துக்கொண்டார்கள். “தண்ணி உப்புக் கரிக்குது” என்று விவசாயி இருபது வருடம் சொன்னதற்கு அந்த எண்கள்தான் சாட்சி நின்றன.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அதே பாலாற்று மாசு விஷயமாக, 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கண்காணிக்க ஒரு குழு என்று மறுபடியும் உத்தரவு. ஒரு முறை அளந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் போதாது என்பதற்கும் அதே பாலாறுதான் உதாரணம்.

சிவப்புப் பம்பு, பச்சைப் பம்பு

இன்னொரு உதாரணம் நம் நாட்டுக்குக் கிழக்கே. குளத்து நீரைக் குடித்து மக்கள் வயிற்றுப்போக்கால் சாகிறார்கள் என்று வங்காளதேசத்தில் 1970-கள் தொட்டு லட்சக்கணக்கான அடிபம்புகள் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஆழத்து நீரில் ஆர்செனிக் இருந்தது. அதற்கும் நிறம், வாடை, ருசி கிடையாது, கொதித்தாலும் போகாது. எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்காளத்தில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் தீபங்கர் சக்ரபோர்த்தி 1988 முதல் கிராமம் கிராமமாகத் தண்ணீரைச் சோதித்து, இதைப் பற்றி உலகம் கேட்கும் வரை பேசினார். அவர் 2018-இல் காலமானார்.

வங்காளதேசத்தில் பிறகு ஒரு காரியம் செய்தார்கள். லட்சக்கணக்கான பம்புகளைச் சோதித்து, முடிவைப் பம்பின் மேலேயே பெயிண்ட் அடித்தார்கள். ஆபத்தானது சிவப்பு, பரவாயில்லை என்பது பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் புரியும். எந்த நூலகத்துக்கும் போக வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அராய்ஹஜார் என்ற வட்டாரத்தில் பின்னர் போய்ப் பார்த்தபோது, தங்கள் கிணறு கெட்டது என்று சொல்லப்பட்ட குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வேறு கிணற்றுக்கு மாறியிருந்தன. யாரும் மெஷின் கொடுக்கவில்லை, மானியம் கொடுக்கவில்லை. சொன்னார்கள்; மக்கள் மாறினார்கள்.

“ஜனங்களுக்குச் சொன்னா மட்டும் கேட்கவா போறாங்க” என்று நம்மில் பல பேர் சொல்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன். அது பெரும்பாலும், சொல்லாமல் விட்டதற்கு நாம் சொல்லிக்கொள்கிற சமாதானம்.

நம் மாவட்டத்துக்கு வருவோம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் அக்கினியாறும் மழை பெய்தால்தான் ஆறு. அதனால்தான் நம் முன்னோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களையும் குளங்களையும் வெட்டி வைத்தார்கள். குடிக்க ஊருணி தனி, குளிக்கக் குளம் தனி, பாசனத்துக்குக் கண்மாய் தனி. எந்தத் தண்ணீர் எதற்கு என்று அப்போதே பிரித்திருக்கிறார்கள். கண்மாய்க்குள் நிற்கும் குமிழித் தூம்பைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் தூண், நடுவில் மூடி. மூடியைத் தூக்கினால் நீரோடித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். கீழே உள்ள சேறோடித் துளைகள் வழியாகச் சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் சொல்லாத ஹைட்ராலிக்ஸ் அது. அந்தத் தூம்பைச் செய்து கொடுத்தவர் பெயரை அந்தக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். தண்ணீர் பற்றிய செய்தியைத் தண்ணீர் எடுக்கிற இடத்திலேயே எழுதுவது நமக்குப் புதிது இல்லை.

நிலத்தடி நீர் விஷயத்தில் நம் மாவட்டம் இரண்டு விதம். மேற்கே கடினப்பாறை, கிழக்கே கடலை நோக்கிப் போகப் போகப் படிவு நிலம், கரையோரத்தில் உப்புத் தண்ணீர்ப் பிரச்சினை. பாறைப் பகுதியில் தண்ணீர் மேலே உள்ள மக்கிய பாறையிலும் அடியில் உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஒரு வெடிப்பு உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கழிப்பறைக் குழிக்கும் நேராக ஓடலாம். அடுத்த கிணற்றைத் தொடாமலே போகலாம். அதனால்தான் எங்கள் W-6 நன்றாக இருந்தது, W-7 கெட்டிருந்தது. “அந்தத் தெருத் தண்ணி நல்லா இருக்கும்” என்ற பேச்சு பாறை நிலத்தில் செல்லாது. கிணற்றுக்குக் கிணறு பார்க்க வேண்டும்.

“இப்பத்தான் காவிரித் தண்ணி குழாயில வருதே, பழைய கிணறு எதுக்கு?” என்று கேட்பீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்ததே, அதற்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாதபோது எந்தத் தண்ணீரைக் குடித்தோம்? வாளியும் கயிறும் தேடி அதே பழைய கிணற்றுக்குத்தான் போனோம். ஆபத்துக்கு உதவுகிற கிணறு எந்த நிலையில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

வேங்கைவயலைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச என் மனசு ஒப்பவில்லை. 2022 டிசம்பரில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. யார் செய்தது என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது. நான் அதற்குள் போகவில்லை. ஓர் இஞ்சினியராக ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே தண்ணீர் கெட்டிருக்கிறது என்று முதலில் சொன்னது எந்தச் சோதனைக் கருவியும் இல்லை. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், வைத்தியம் பார்த்த டாக்டர்கள் தண்ணீரைச் சந்தேகித்த பிறகுதான் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் வயிறுதான் டெஸ்ட் கிட்டாக இருந்தது. படித்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிற மாவட்டத்தில் அது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரத்தில் நண்பர்கள் என்னை விட மாட்டார்கள். நம்மால் முடிந்த சில யோசனைகள்.

முதலாவது, அலமாரியைத் திறப்போம். நம் நூலகத்தில் எங்களுடையதைப் போல எத்தனையோ ப்ராஜெக்ட் நூல்கள் தூங்குகின்றன. அவற்றில் தண்ணீர் சம்பந்தப்பட்டதை எல்லாம் எடுத்து, எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த மாதம், என்ன அளவு என்று ஒரே நோட்டில் சேர்ப்போம். பத்துப் பதினைந்து வருடக் கணக்கு நம்மிடமே இருக்கிறது.

இரண்டாவது, இனிமேல் சாம்பிள் எடுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் திரும்பிப் போக வேண்டும். தமிழில். பி.பி.எம்., டி.டி.எஸ். என்று மட்டும் எழுதினால் அது தாள் இல்லை, தண்டனை. “குடிக்கலாம்”, “கொதிக்க வைத்துக் குடிக்கலாம்”, “கொதிக்க வைத்தாலும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம், துவைக்க, குளிக்கப் பயன்படுத்தலாம்” என்று புரிகிற மாதிரி இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கொடுத்ததற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமல் ப்ராஜெக்ட் நூலில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. கோடையில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவை. அடுத்த வருடம் வருகிற மாணவர்கள் புதுத் தலைப்பு தேடாமல், அதே கிணறுகளைத் தொடரட்டும். “இது பழைய தலைப்பு” என்று மார்க் குறைக்காதீர்கள். டாக்டர் அதே நோயாளியை மறுபடியும் பார்க்கிறாரே, யாராவது பழைய தலைப்பு என்கிறார்களா?

நான்காவது, கிருமிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். நாங்கள் விட்டுவிட்டோம். அதற்குச் சுத்திகரித்த தனிப் பாட்டில் வேண்டும், ஐஸ் பெட்டி வேண்டும், அன்றைக்கே லேபில் சேர்க்க வேண்டும். சிரமம்தான். ஆனால் தண்ணீரால் வருகிற நோயில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. நம்மால் முடியாததைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கையடக்கப் பெட்டி வைத்துத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று ஏற்பாடு உண்டு. நம் மாணவிகள் அவர்களோடு சேர்ந்து போகலாம். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளவும் இருக்கும்.

ஐந்தாவது, பயமுறுத்தக் கூடாது. பாதி தெரிந்துகொண்டு “உங்க தண்ணி விஷம்” என்று சொல்லிவிட்டு வந்தால், அவர்கள் கடன் வாங்கி ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்குவார்கள். அது ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பும். சில வீட்டுக்கு அது தேவைதான். பல வீட்டுக்குக் குழியைத் தள்ளி வைப்பதும், கிணற்றுக்கு மேடை கட்டுவதும், குடிக்க மட்டும் வேறு தண்ணீர் எடுப்பதுமே போதும். எது போதும் என்று சொல்லத்தானே படித்தோம்?

செலவுக்கு என்ன வழி என்று கேட்காதீர்கள். நம் சங்கம் வருடா வருடம் ஷீல்டும் சால்வையும் வாங்குகிற பணத்தில் பாதி போதும், ரசாயனப் பொருளும் பாட்டிலும் வாங்க. (மேடையில் இதைச் சொன்னபோது பொருளாளர் மட்டும் கைதட்டவில்லை.)

திரும்பிப் போனோம்

கடைசியாக ஒன்று. மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் நாங்கள் செய்துவிட வேண்டும் என்று, போன கோடையில் எங்கள் பழைய குழுவில் மூன்று பேர் சேர்ந்தோம். நான்காமவர் வெளிநாட்டில், பாட்டில் வாங்கப் பணம் அனுப்பினார். பழைய ப்ராஜெக்ட் நூலைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்து நான்கு இடத்துக்கும் போனோம். சில கிணறுகளை மூடி மேலே வீடு கட்டிவிட்டார்கள். சில அடிபம்புகளுக்குக் கைப்பிடி இல்லை. பதினான்கு இடத்தில் மட்டும் தண்ணீர் கிடைத்தது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து, பதினான்கு வீட்டுக்கும் தமிழில் எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வீட்டில், “இதுக்கு எவ்வளவு காசு?” என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் ஏதோ கட்சிக்காரர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஏழாம் எண் கிணற்றில் நைட்ரேட் இன்னும் அளவுக்கு மேல்தான் இருக்கிறது. இப்போது அவர்கள் குழாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள். கிணற்றை மற்ற வேலைக்கு வைத்திருக்கிறார்கள். தாளைக் கொடுத்து, அன்று எங்களுக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க தம்பி, அந்தப் பிள்ளைங்க வரலையே, வரலையேன்னு” என்றார்கள். தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்கள். அப்புறம் உள்ளே போய், எங்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இன்றைய மாணவர்களே, அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் சுற்றுச்சூழல் லேப் வாசலில் நாங்கள் மூன்று பேரும் நிற்போம். பழைய ப்ராஜெக்ட் நூல்களைப் பிரிக்கிற வேலை இருக்கிறது. வர விருப்பமுள்ளவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். டிபன் எங்கள் செலவு.